உங்களுக்குத் தெரியுமா? கோயிலே இல்லாத ஊர், துப்பாக்கியில் முளைத்த மரம்!

பைபிளின் கடைசிப் பக்கங்களில் மனிதர்கள் வானத்துக்கு ஏறிப் போவதில்லை. வானத்திலிருந்து ஒரு நகரம்தான் பூமிக்கு இறங்கி வருகிறது! அடிபட்டு நொறுங்கிய இந்த உலகம் குப்பையில் வீசப்படாது, புதுசாகும். கிறிஸ்தவர்கள் 2,000 ஆண்டுகளாக எதிர்பார்ப்பது இதைத்தான்!

அந்த நகரத்தின் பெயர் புதிய எருசலேம். நீளம் 12,000 ஸ்தாதி. நம் கணக்கில் சுமார் 2,200 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து நேர்கோடு இழுத்தால் கிட்டத்தட்ட டெல்லி வந்துவிடும்! அகலமும் அவ்வளவே. அட, உயரமும் அவ்வளவே! சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றுவதே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில்தான்!

மதிலில் 12 வாசல்கள். ஒவ்வொரு வாசலும் ஒரே முத்து! அங்கே இரவு கிடையாது. அதனால் ஒரு வாசலையும் சாத்துவதே இல்லை!

இவ்வளவு பெரிய ஊரில் கோயில் எத்தனை? ஒன்றுகூட இல்லை! கடவுளே மக்களோடு குடியிருக்கிறாரே!

ஆதாம் ஏவாளுக்கு எட்டாமல் போன ஜீவ விருட்சம் நினைவிருக்கிறதா? முதல் புத்தகத்தில் கைநழுவிய அந்த மரம், கடைசி அதிகாரத்தில் ஆற்றங்கரையில் நிற்கிறது. மாதந்தோறும் காய்க்கும். அதன் இலைகள் மக்களினங்களுக்கெல்லாம் மருந்து!

‘வெளிப்படுத்தின விசேஷம்’ என்ற அந்தக் கடைசிப் புத்தகத்தை எழுதிய யோவான் இதையெல்லாம் கண்டது எங்கே தெரியுமா? பத்மு தீவில். கிரேக்க நாட்டுக்குச் சொந்தமான அந்தத் தீவின் பரப்பு வெறும் 34 சதுர கிலோமீட்டர்! யோவான் பெயரில் 1088இல் அங்கே தொடங்கிய மடம் இன்றும் இயங்குகிறது!

‘ஜாய் டு த வேர்ல்ட்’ இல்லாமல் கிறிஸ்துமஸ் ஏது? ஆனால் அந்தப் பாட்டில் மாட்டுத்தொழுவம் இல்லை, நட்சத்திரம் இல்லை, மேய்ப்பர்கள் இல்லை! 98ஆம் சங்கீதத்தைத் தழுவி 1719இல் ஐசக் வாட்ஸ் எழுதியது. கிறிஸ்துவின் ஆட்சியில் சாபம் நீங்கிச் சிரிக்கும் பூமியைப் பற்றிய பாட்டு அது!

1941 ஜனவரி 15. கெர்லிட்ஸ் நகரில் ஜெர்மானியப் போர்க்கைதி முகாம். நடுக்கும் குளிர். வெளிப்படுத்தின விசேஷம் 10ஆம் அதிகாரத்தைப் படித்து, கைதியாகவே இருந்து இசையமைத்தார் பிரெஞ்சுக்காரர் ஒலிவியே மெசியான். வாசித்த நால்வரும் கைதிகள். கேட்டவர்கள் கைதிகளும் காவலர்களும்! உலகம் இன்றும் கொண்டாடும் ‘காலத்தின் முடிவுக்கான நால்வரிசை’ அரங்கேறியது அந்த முகாமில்தான்!

வாளை அடித்துக் கலப்பைக் கொழுவாக்கும் மனிதன். ஏசாயா தீர்க்கதரிசி கண்ட கனவு. நியூயார்க்கில் ஐ.நா. தோட்டத்தில் சிலையாக நிற்கிறது. 1959இல் பரிசளித்தது யார்? மதத்தை ஒதுக்கிவைத்த சோவியத் ஒன்றியம்!

சிலை இருக்கட்டும், நிஜமாகவே செய்து காட்டியவர்கள் மொசாம்பிக் கிறிஸ்தவர்கள்! அங்கே உள்நாட்டுப் போர் 1992இல்தான் ஓய்ந்தது. வீடு வீடாகத் துப்பாக்கி. 1995இல் பிஷப் டினிஸ் செங்குலானே முன்நிற்க, திருச்சபைகள் ஒரு திட்டம் தொடங்கின. துப்பாக்கியைக் கொடு, தையல் மெஷினை வாங்கிக்கொள்! சைக்கிள், கலப்பை எல்லாம் கிடைத்தது. ஆயுதங்களை ஒப்படைத்த ஒரு கிராமத்துக்கு டிராக்டரே வந்தது!

வாங்கிய துப்பாக்கிகளை என்ன செய்தார்கள்? துண்டு துண்டாக வெட்டிக் கலைஞர்களிடம் கொடுத்தார்கள். ஒருவர் 2001இல் நாற்காலி செய்தார். அதில் இருக்கும் ஒரு துப்பாக்கிகூட ஆப்பிரிக்காவில் தயாரானதில்லை! பிறகு அவரும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து மரமே செய்துவிட்டார்கள். எடை சுமார் அரை டன். பெயர்? ஜீவ விருட்சம்! கொல்லப் பிறந்த இரும்பில் கிளை, இலை, பறவை! இரண்டுமே லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போயின. இந்தப் பட்டியலில் நான் அதிகம் நேசிப்பது இந்த மரத்தைத்தான்!

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம். 1945 பிப்ரவரியில் குண்டுவீச்சு. ஃப்ராவன்கிர்க்கே என்ற பேராலயம் எரிந்து இடிந்து, 40 ஆண்டுகளுக்கு மேல் கற்குவியலாகவே கிடந்தது! பிறகு சுமார் 3,800 பழைய கற்களைப் பொறுக்கியெடுத்து, புதுக்கற்களோடு சேர்த்துக் கட்டி, 2005இல் திறந்தார்கள். உச்சியில் மின்னும் பொற்சிலுவையைச் செய்தவர் ஒரு பிரிட்டிஷ் பொற்கொல்லர். அவருடைய அப்பா, டிரெஸ்டன் மீது குண்டு வீசிய விமானிகளில் ஒருவர்!

பிரான்ஸ் நாட்டு ஆஞ்சே கோட்டையில், பைபிளின் இதே கடைசிப் புத்தகம் திரைச்சீலையாக நெய்து தொங்குகிறது. 14ஆம் நூற்றாண்டு வேலை! பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் கிழித்து, ஆரஞ்சு மரங்களுக்குப் பனி தாக்காமல் போர்த்தினார்கள், குதிரைக் கொட்டிலில் மாட்டினார்கள்! கிடைத்த துண்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்திருக்கிறார்கள். இன்று மிஞ்சியிருப்பது சுமார் 100 மீட்டர்!

நம் ஊருக்கு வருவோம். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி அங்கேயே அச்சடித்தார். முதல் பகுதி 1714, மீதி 1715. இந்திய மொழிகளிலேயே முதன்முதலில் அச்சான புதிய ஏற்பாடு தமிழில்தான்! புதிய எருசலேமைத் தங்கள் மொழி அச்சில் முதலில் படித்த இந்தியர்கள் தமிழர்கள்!

அவர் 1707இல் கட்டிய எருசலேம் ஆலயத்தைக் கடல் கொண்டுபோனது. விட்டாரா? 1718இல் இன்னொன்று எழுப்பினார். அதன் பெயரே புதிய எருசலேம் ஆலயம்! யோவான் கண்ட புதிய பூமியில் கடலே கிடையாது என்பதை அந்தக் கரையில் நின்று நினைத்துப் பாருங்கள், சிலிர்க்கும்!

அடுத்த ஆண்டே, 36 வயதில், சீகன்பால்கு மறைந்தார். அடக்கம் செய்ததும் அந்த ஆலயத்துக்குள்தான். மயிலாடுதுறை பக்கம் போனால் தவறாமல் உள்ளே போய்ப் பாருங்கள். 300 ஆண்டுகள் தாண்டியும் ஞாயிறு ஆராதனை நடக்கிறது!