வாய்விட்டுச் சொல்லாத நோய்

எமது ஒழுங்கையில், நான்கு வீடு தள்ளி, ஓர் இளைஞன் இருக்கின்றான். இப்பொழுது வயது இருபத்தொன்று. பிறப்பிலிருந்தே அறிவு வளர்ச்சியிற் குறைபாடு உடையவன். பேச்சென்று சொல்லத்தக்கது பத்துப் பன்னிரண்டு சொற்களே. மாலை வேளைகளிற் படலையடியில் நின்று, கல்லூரியால் வரும் எம்மைக் கண்டதும் கைகூப்பி "மாஸ்டர்" என்பான். அந்தப் பத்துப் பன்னிரண்டு சொற்களுள் எமது பட்டமும் ஒன்றென்பதில் எமக்குச் சிறிது பெருமை உண்டு.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பங்குனி மாதத்தில் அவன் படலைக்கு வருவது நின்றது. சோற்றைத் தள்ளிவிடுகின்றான், இரவில் உறங்குகின்றானில்லை, தன் கையாலேயே கன்னத்திலும் காதடியிலும் ஓங்கி அறைந்துகொள்கின்றான் என்று தாயார் வந்து அழுதார். ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே பெருங்கூட்டம், அவனோ கூச்சலிட்டபடி இருந்தான். ஐந்து நிமிடத்திற் பார்வை முடிந்தது. "இத்தகைய பிள்ளைகள் பருவம் வந்ததும் இப்படித்தான் செய்வார்கள்" என்று கூறி, அமைதிப்படுத்தும் மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள். தாயார் மனம் ஆறாமல் எம்மிடம் வந்து, "மாஸ்டர், நீங்கள் படித்தனீங்கள், நீங்கள் என்ன நினைக்கிறியள்?" என்று கேட்டார். நாமும் பருவக் கோளாறாகவே இருக்கும், சற்றுப் பொறுங்கள் என்றோம். அப்பொழுது எமக்கு அது நியாயமான மறுமொழியாகவே தோன்றியது.

மூன்று வாரங்கள் கழிந்தன. மாத்திரையின் வேகத்தால் அவன் பகலெல்லாம் தூங்கி வழிந்தான். விழித்ததும் மீண்டும் அறைந்தான். ஒருநாள் கஞ்சி பருக்கும்போது தாயார் ஒன்றைக் கவனித்தார். சூடான கஞ்சியைத் துப்புகின்றான். ஆறிய கஞ்சியையோ வலப்பக்கமாகவே ஒதுக்கி விழுங்குகின்றான். உடனே பல் வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். இடப்பக்கத்துக் கீழ்க் கடைவாய்ப் பல்லின் அடியிற் சீழ் கட்டியிருந்தது. மயக்க மருந்து கொடுத்துப் பல்லைப் பிடுங்கினார்கள். நான்காம் நாள் மாலை படலையடியில் "மாஸ்டர்" என்ற குரல் கேட்டது.

எவரையும் குற்றஞ் சாட்டும் நோக்கத்தோடு நாம் இதனை எழுதவில்லை. அந்த வைத்தியர் தவறிய இடத்திலேயே நாமும் தவறினோம். உலகமெங்கும் கற்றறிந்தோர் இவ்விடத்தில் தவறுகின்றனர். 1982ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியல் அறிஞர் சிலர் இத்தவற்றுக்கு ஒரு பெயரே சூட்டினர். நோயை மறைக்கும் நிழல் என்று அதனைத் தமிழிற் சொல்லலாம். அறிவுக் குறைபாடு உடையவர்க்கு மனநோயும் வரக்கூடும், ஆயினும் வைத்தியர் கண்ணுக்கு அது தெரிவதில்லை என்பதையே அவர்கள் முதலில் எடுத்துக்காட்டினர். பின்னர் உடல் நோய்களுக்கும் அப்பெயர் வழங்கலாயிற்று. ஏனைய பிள்ளையொன்று கன்னத்தைப் பொத்திக்கொண்டு அழுதால், பல்வலியோ காதுக் குத்தோ என்று கேட்கின்றோம். குறைபாடுடைய பிள்ளை அவ்வாறு செய்தால், அது அவன் சுபாவம் என்கின்றோம். ஒரே செய்கைக்கு இரண்டு விளக்கம்! இரண்டாவது விளக்கத்தோடு பரிசோதனையும் நின்றுவிடுகின்றது.

இந்நிழலில் மறைந்துபோன உயிர்களை முறையாக எண்ணிப் பார்க்கத் துணிந்த நாடுகளுள் இங்கிலாந்து குறிப்பிடத்தக்கது. 1948ஆம் ஆண்டு தொடக்கம் யாவர்க்கும் பொதுச் செலவில் வைத்தியம் அளித்துவரும் நாடு அது. அங்கே 2007ஆம் ஆண்டில் மென்கப் என்னும் சங்கம், 'அலட்சியத்தால் நேர்ந்த மரணம்' எனப் பொருள்படும் தலைப்பில் ஓர் அறிக்கையை வெளியிட்டது. வைத்தியத்தை நாடிச் சென்று இறந்த ஆறு பேரின் வரலாறு அதில் உள்ளது. ஆறனுள் ஒன்றை மாத்திரம் இங்கே கூறுவோம். நாற்பத்துமூன்று வயதான ஒருவர், பேச்சு இல்லாதவர். பாரிசவாதம் கண்டு ஆஸ்பத்திரியிற் சேர்க்கப்பட்டார். விழுங்கும் சக்தி போயிற்று. வேறு வழியால் உணவு செலுத்த வேண்டும் என்பதை உரிய காலத்தில் எவரும் ஒழுங்கு செய்யவில்லை. இவ்வாறு 26 நாட்கள் உணவின்றியே கழிந்தன. குழாய் பொருத்தலாம் என்று தீர்மானித்தபொழுது, அந்தச் சிகிச்சையைத் தாங்கும் வலு அவர் தேகத்தில் இல்லை. அவர் இறந்தார். சுற்றிலும் வைத்தியரும் தாதியரும் நடமாடிய ஒரு விடுதியில், கட்டிலிற் படுத்தபடி ஒரு மனிதர் பட்டினி கிடந்திருக்கின்றார். பசிக்கின்றது என்று வாய்திறந்து சொல்ல முடியாதவர் என்பதே அவர் நிலை.

நாடு கலங்கியது. 2008ஆம் ஆண்டில் சேர் ஜொனதன் மைக்கல் என்பார் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை வெளிவந்தது. அதன் பின்னர் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார், தென்மேற்கு இங்கிலாந்தில் இறந்த 247 பேரின் மரணத்தை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டனர். அறிவுக் குறைபாடு உடைய ஆண்கள் ஏனைய ஆண்களிலும் சராசரி 13 ஆண்டுகள் முந்தியும், பெண்கள் ஏனைய பெண்களிலும் 20 ஆண்டுகள் முந்தியும் இறக்கின்றனர் என்பது தெரியவந்தது. குறைபாடு உள்ளவர் ஆயுள் குறைவது இயல்பேயன்றோ எனச் சிலர் நினைக்கலாம். அந்த நினைவுக்கும் அவ்வாராய்ச்சியில் மறுப்பு உண்டு. நல்ல வைத்தியத்தால் தவிர்த்திருக்கக்கூடிய மரணங்கள் பொதுமக்களிடையே நூற்றுக்கு 13, இவர்களிடையே 37. நோயைக் கண்டுபிடிக்கத் தாமதம், கண்டுபிடித்த பின் சிகிச்சை தொடங்கத் தாமதம், வீட்டார் சொல்லைச் செவிமடுக்காமை ஆகியவையே அவர்களை முந்திக் கொண்டுபோயின.

குறைபாட்டோடு கூடப்பிறக்கும் உடல் நோய்களும் இல்லாமலில்லை. அவற்றைத் தேடிப் பார்த்தாற் பெரும்பாலும் கண்டுபிடிக்கலாம் என்பதே முக்கியம். டவுன் சின்ட்ரோம் என்னும் நிலையை எடுத்துக்கொள்வோம். 1866இல் ஜோன் லாங்டன் டவுன் என்ற ஆங்கில வைத்தியர் இதனை விவரித்து எழுதினார். 1959இல் பிரான்சு நாட்டு விஞ்ஞானிகள், இவர்களின் உயிர்க்கலங்களில் 46 நிறமூர்த்தங்களுக்குப் பதிலாக 47 இருப்பதைக் கண்டனர். இவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இருதயக் குறையோடு பிறக்கின்றனர். ஒரு காலத்தில் அந்த இருதயத்துக்குச் சத்திரசிகிச்சை செய்வதே வீண் என்று பல வைத்தியர் கருதினர். 1929இல் இவர்களின் சராசரி ஆயுள் ஒன்பது ஆண்டுகள் எனக் கணித்தார்கள். இன்று முன்னேறிய நாடுகளில் அது அறுபதை எட்டியுள்ளது. அந்தக் கூடுதல் நிறமூர்த்தம் அன்று இருந்தவாறே இன்றும் இருக்கின்றது. மாறியது வைத்தியர் மனப்பான்மையும் சிகிச்சையுமே. இவர்கட்குத் தைரொயிட் சுரப்பி சோர்வதும், செவிப்புலன் மங்குவதும், கண்ணிற் புரை வளர்வதும் ஏனையோரிலும் மிகுதி. நாற்பது ஐம்பது வயதிலேயே மறதிநோய் தொடங்குவதும் உண்டு. முன்பு சுறுசுறுப்பாய் இருந்த பிள்ளை சோம்பிக் கிடந்தால், சோம்பல் என்று ஏசுமுன் தைரொயிட்டுக்கு ஓர் இரத்தப் பரிசோதனை செய்தல் வேண்டும். காது கேளாமையாற் பேசாதிருக்கும் பிள்ளையை, அறிவின்மையாற் பேசவில்லை என்று எண்ணிய பெற்றோரை நாம் அறிவோம்.

மலச்சிக்கலைப் பற்றியும் கூசாமற் சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கு இது தகுந்த பேச்சோ என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் இங்கிலாந்தில் அறிவுக் குறைபாடு உடையோர் சிலரின் உயிரையே இது குடித்திருக்கின்றது. நடமாட்டம் குறைவு, தண்ணீர் குடிப்பது குறைவு, உட்கொள்ளும் மருந்துகள் சில குடலை மந்தப்படுத்துவது ஆகிய யாவும் சேர்ந்து குடல் அடைத்துக்கொள்கின்றது. வலியைச் சொல்லத் தெரியாதவர், கையைக் கடிக்கின்றார், சட்டையைக் கிழிக்கின்றார், கட்டிலை விட்டு எழ மறுக்கின்றார். எத்தனை நாளாக வெளிக்குப் போகவில்லை என்று எவராவது கணக்கு வைத்திருந்தால், அந்தச் செய்கைகளின் காரணம் விளங்கியிருக்கும். உணவு புரையேறிச் சுவாசப்பைக்குட் செல்வதால் வரும் நியூமோனியாக் காய்ச்சலும் இவர்களிடையே அதிகம். சாப்பிடும்போது இருமுகின்றாரா, படுக்கவைத்தபடி ஊட்டுகின்றோமா என்று பார்த்தல் வேண்டும். ஏறத்தாழ ஐவரில் ஒருவர்க்கு வலிப்பு நோயும் உண்டு.

மாத்திரைகளைப் பற்றியும் ஒரு சொல். மனக்கோளாறு ஒன்றும் இல்லாதிருக்க, வெறுமனே அடக்கி வைப்பதற்காக மனநோய் மருந்துகளைக் கொடுப்பது எங்கும் காணப்படும் வழக்கம். இங்கிலாந்தில் அறிவுக் குறைபாடு உடைய வளர்ந்தோருள் 30,000 முதல் 35,000 பேர் வரை தக்க நோயின்றியே இவ்வாறான மருந்துகளைத் தினந்தோறும் உட்கொள்கின்றனர் என 2015இல் மதிப்பிடப்பட்டது. அடுத்த ஆண்டில், பிரிஸ்டல் நகரில், ஒலிவர் மக்கோவன் என்ற பதினெட்டு வயது இளைஞன் இறந்தான். ஆட்டிசமும் வலிப்பும் இலேசான அறிவுக் குறைபாடும் உள்ளவன். அந்த வகை மருந்து தனக்கு ஒவ்வாது என்று அவனும் கூறினான், பெற்றோரும் கூறினர். ஆயினும் அது கொடுக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, இங்கிலாந்தில் வைத்தியப் பணியிலும் பராமரிப்புப் பணியிலும் உள்ளோர் இத்தகையோரைக் கவனிக்கும் முறையிற் பயிற்சி பெறுதல் அவசியமாயிற்று. அதற்கென அமைந்த பயிற்சிக்கு அவன் பெயரையே இட்டிருக்கின்றனர்.

அந்நாட்டார் கண்ட பரிகாரங்களுள் இரண்டு எம் மனத்தைக் கவர்ந்தன. முதலாவது, பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்க்கு ஆண்டுதோறும் ஒரு முழுப் பரிசோதனை. நோய் வந்தபின் அல்ல, வராதபோதே அழைத்து, நிறை, இரத்த அழுத்தம், கண், காது, குடல், உட்கொள்ளும் மருந்துகள் யாவற்றையும் பார்க்கின்றனர். சொல்ல முடியாதவரிடம், நோய் வந்தாற் சொல்லுங்கள் என்று காத்திருப்பதிற் பயனில்லையன்றோ? இரண்டாவது, ஆஸ்பத்திரிக்குச் செல்லும்போது கையோடு கொண்டுபோகும் ஒரு குறிப்பேடு. இவர் வலி வந்தால் எப்படிக் காட்டுவார், எதற்கு அஞ்சுவார், மருந்தை எவ்விதம் விழுங்குவார், எந்த மருந்து ஒவ்வாது என்பன அதில் எழுதப்பட்டிருக்கும். புதிதாக வந்த தாதியும் இரண்டு நிமிடத்தில் ஆளை அறிந்துகொள்ளலாம். கூட்டத்தையும் பேரொலியையும் தாங்காதவரை முதல் ஆளாகவோ கடைசி ஆளாகவோ அழைப்பது, சாதாரணமாகக் கொடுக்கும் நேரத்திலும் இரட்டிப்பு நேரம் கொடுப்பது ஆகியனவும் அங்கே வற்புறுத்தப்படுகின்றன. இவற்றுட் பெரும்பணம் வேண்டுவது எதுவுமில்லை.

எமது நாட்டில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலது குறைந்தோர் உரிமைகளைப் பற்றியது. ஐக்கிய நாடுகள் சபையின் உடன்படிக்கையையும் இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. ஏனையோர்க்குக் கிடைக்கும் அதே தரத்தில் இவர்கட்கும் வைத்தியம் கிடைத்தல் வேண்டும் என்று அவ்வுடன்படிக்கை கூறுகின்றது. ஒவ்வொரு குழந்தைக்கும் நிறையும் தடுப்பூசியும் குறிக்கும் பதிவுப் புத்தகம் ஒன்று எம்மிடம் உண்டு. அதனை எமது தாய்மார் நகைப் பெட்டிக்குள் வைத்துப் பாதுகாப்பதை நாம் கண்டிருக்கின்றோம். அந்தப் பழக்கத்தை, வளர்ந்த பின்னும் பிள்ளையாகவே தம் கையில் இருப்பவர்க்கு நீட்டிக்கொள்வதற்குச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. ஒரு கொப்பி போதும்.

சென்ற தை மாதத்தில், எமது ஒழுங்கைத் தாயார் சொல்லச் சொல்ல நாம் அப்படி ஒரு கொப்பியை எழுதிக் கொடுத்தோம். முதற் பக்கத்திற் பெயர், வயது, உட்கொள்ளும் மருந்து. அடுத்த பக்கத்தில், 'வலித்தால் அழமாட்டான். வலிக்கும் இடத்தில் அடிப்பான்' என்று எழுதினோம். 'வெள்ளை அங்கி கண்டால் அஞ்சுவான். கையைப் பிடித்து இழுத்தால் உதைப்பான். முன்னே நடந்தால் பின்னால் வருவான். மருந்தை வாழைப்பழத்தில் வைத்தால் விழுங்குவான். ஊசி போடுமுன் தகப்பனின் பழைய கைக்கடிகாரத்தைக் காதிலே வைத்தால் அசையாதிருப்பான்.' தகப்பன் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கடிகாரம் பற்றி அதுவரை எமக்குத் தெரியாது. இருபத்தோராண்டு அயலிலே இருந்திருக்கின்றோம்.

சென்ற மாதம் இரத்தம் எடுப்பதற்காகக் கிளினிக்குக்குப் போனபோது நாமும் உடன் சென்றோம். இளந்தாதி ஒருத்தி கொப்பியை வாங்கி, நின்றபடியே இரண்டு பக்கங்களையும் வாசித்தாள். பிறகு ஊசியை மேசையில் வைத்துவிட்டு, "அம்மா, அந்த மணிக்கூட்டைக் கொண்டந்தனீங்களோ?" என்று கேட்டாள்.