தேனீக்களின் நடனமும் குடியானவர் கவனிக்கவேண்டியவையும்

திறந்த வெளியில் ஒரு தட்டில் சர்க்கரைப் பாகை வைத்தால் வெகுநேரம் வரையில் ஒரு தேனீயும் அதை நாடாதிருக்கலாம். ஆனால் ஒன்று வந்து ருசி பார்த்துத் திரும்பிவிட்டால், சிறிது நேரத்திற்குள் அதன் கூட்டத்தைச் சேர்ந்த பல ஈக்கள் அங்கு மொய்க்கின்றன. இச்செய்தி கூட்டிற்குள் எவ்வாறு பரவுகின்றதென்பதை ஆஸ்திரியா தேசத்தவரான கார்ல் வான் பிரிஷ் என்பவர் கண்ணாடி பொருத்திய பெட்டிகளில் தேனீக்களை வைத்துப் பல்லாண்டுகள் ஆராய்ந்து கண்டறிந்தார். அவருக்கு 1973-இல் நோபல் பரிசு அளிக்கப்பெற்றது.

இரை கண்டு மீண்ட ஈ, இருளடைந்த கூட்டினுள் செங்குத்தான அடையின்மீது வயிற்றை இருபுறமும் விரைவாக அசைத்துக்கொண்டு நேர்கோட்டில் ஓடுகின்றது. பின்னர் வலமாக வளைந்து புறப்பட்ட இடத்தை அடைந்து, மறுபடியும் ஓடி, இடமாக வளைந்து திரும்புகின்றது. அவ்வோட்டம் நேர்மேலாக இருப்பின் மலர்கள் சூரியனுள்ள திக்கிலும், நேர்கீழாக இருப்பின் எதிர்த்திக்கிலும் உள்ளன என்பது பொருள். வலப்புறம் 40 பாகை சாய்ந்து ஓடினால், சூரியனுக்கு வலப்புறம் 40 பாகை விலகிப் பறக்கவேண்டும். ஓட்டம் நீடிக்கும் நேரம் தூரத்தைக் காட்டும். உடலில் ஒட்டிய வாசனையும், இடையிடையே ஊட்டும் தேன்துளியும் இன்ன பூ என்பதை அறிவிக்கின்றன. மதுரம் மிகுந்த இரைக்கு ஆட்டம் அதிகம். அற்பமானதற்கு ஆட்டமே இல்லை. சந்தை விலை விசாரித்து வருவோர் யாவரும் இவ்வளவு சரியாகச் சொல்வதில்லை.

ஈயின் ஜாதிக்கேற்ப இப்பாஷையும் சிறிது மாறுபடும். பிரிஷின் மாணாக்கரான மார்ட்டின் லிண்டாயர் இலங்கையில் ஆராய்ந்து 1956-இல் வெளியிட்டபடி, கொம்புத் தேனீ தன் அடையின் தட்டையான மேற்புறத்தில் ஆடி, இரையிருக்கும் திக்கை நேராகவே சுட்டுகின்றது. பெட்டிகளில் வளர்க்கும் இந்தியத் தேனீயோ, ஒரே தூரத்திற்கு ஐரோப்பியத் தேனீயைவிட நீண்ட ஓட்டம் ஓடுகின்றது. அது அதிக தூரம் செல்வதில்லை. தென்னிந்தியாவில் நடத்தி 1920-க்குச் சரியாக நூறாண்டு கழித்து, 2020-இல் வெளியான ஆராய்ச்சியும் அது பெரும்பாலும் ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே இரை தேடுவதைக் காட்டிற்று. ஆதலால் சூரியகாந்தி, எள், கொத்தமல்லி முதலியவற்றில் மகரந்தச் சேர்க்கையை விரும்பும் மிராசுதார் பெட்டிகளை வயலோரத்திலேயே வைப்பது உசிதம்.

இந்நடனத்தில் ஓர் அபாயமும் உண்டு. பூத்த வயலில் பூச்சி மருந்து தெளிக்கப்பட்டிருக்க, நஞ்சு சிறிதளவே பட்டுத் திரும்பிய ஈ அதே வயலுக்கு மற்றவற்றையும் அனுப்பக்கூடும். ஆகையால் பூக்கும் பருவத்தில் மருந்தைத் தவிர்க்கவேண்டும். இன்றியமையாததாயின் ஈக்கள் கூடு திரும்பிய பின், மாலையில் தெளிக்கவேண்டும். தெளிப்பவர் அக்கம்பக்கத்தில் பெட்டி வைத்திருப்போருக்கு முன்னாளே தெரிவிக்கும்படி கிராம அதிகாரிகள் பார்த்துக்கொள்ளலாம். பெட்டிக்காரர் இருட்டிய பின் வாயிலைக் காற்றுப் புகும் கம்பி வலையால் அடைத்து, வெயில் ஏறுமுன் நிழலான இடத்தில் வைத்துக் காக்கவேண்டும்.