பக்கவாதத்துக்குப் பின் மீண்டும் நடப்பது எப்படி?

பெங்களூரு: ஓசூர் சாலையில் உள்ள பொம்மசந்திராவின் பெரிய மருத்துவமனைகளில் பக்கவாதச் சிகிச்சை முடிந்ததும் குடும்பத்தினரிடம் எழும் கேள்வி, "மறுபடியும் நடப்பாரா?" என்பதே.

காலில் பழுதில்லை, அதை இயக்கும் மூளைப் பகுதிதான் ரத்த ஓட்டமின்றிச் சேதமடைந்துள்ளது. இறந்த செல்கள் மீள்வதில்லை. திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சியால் பிற பகுதிகள் அப்பணியைக் கற்றுக்கொள்கின்றன. முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். பிறகு வேகம் குறையுமே தவிர, நின்றுவிடாது.

அவசரமும் கூடாது. 2015இல் வெளியான 'அவெர்ட்' ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் எழுப்பித் தீவிரப் பயிற்சி அளிக்கப்பட்டோர், வழக்கமான சிகிச்சை பெற்றோரைவிட மூன்று மாதங்களில் பின்தங்கினர்.

வீடு திரும்பிய பின்புதான் உண்மையான சிக்கல். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான 'அட்டெண்ட்' ஆய்வு, குடும்பத்தினருக்குக் கற்றுக்கொடுத்துப் பயிற்சியை அவர்களிடம் ஒப்படைத்ததால் மரணமோ, பிறரைச் சார்ந்திருக்கும் நிலையோ குறையவில்லை எனக் கண்டறிந்தது. ஆகவே இயன்முறை மருத்துவரைக் கைவிடுவது சரியாகாது.

மாநில எல்லையைத் தாண்டினால் கிருஷ்ணகிரி மாவட்டம். அங்குள்ள சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது. அதன்கீழ் இயன்முறை சிகிச்சை வீட்டிலேயே கட்டணமின்றி அளிக்கப்படுகிறது.