புவியியலின் ஐந்து அடிப்படைக் கருத்துகளும் முதற்பொருளும்: தாமிரபரணிப் படுகையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

புவியியலை மாணவர்க்கு அறிமுகப்படுத்தும் ஐந்து அடிப்படைக் கருத்துகளை இக்கட்டுரை தாமிரபரணிப் படுகையின் சான்றுகள்வழி விளக்குகிறது. அவற்றைத் தொல்காப்பியர் கூறும் முதற்பொருளோடு ஒப்பிட்டு, அவ்வைந்தனுள் தனித்து எண்ணப்படாத ‘பொழுது’ இப்படுகையைக் கற்பிக்க இன்றியமையாதது என நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: அமைவிடம், இடப்பண்பு, வட்டாரம், முதற்பொருள், பொழுது, பொருநை.

முன்னுரை

பள்ளிகளில் புவியியல் பெயர்ப்பட்டியலாகக் கற்பிக்கப்படும் நிலையை மாற்றும் நோக்கில், அமெரிக்கப் புவியியலாளர் சங்கமும் புவியியல் கல்விக்கான தேசிய மன்றமும் இணைந்து 1984இல் ஐந்து கருத்துகளை வகுத்தன. அவை அமைவிடம், இடப்பண்பு, மனிதர்–சூழல் உறவு, பெயர்ச்சி, வட்டாரம் என்பன. தமிழ் வகுப்பறையிலும் இதையொத்த இடர் உண்டு. குறிஞ்சி முதலான திணைகளின் தெய்வம், பூ, பறை ஆகியவை மனப்பாடமாகின்றன. அவற்றுக்கு அடிப்படையான நிலம் மாணவர் கண்முன் இருந்தும் பாடத்துள் வருவதில்லை. இவ்விரு இடர்களையும் ஒருங்கே நீக்க வல்ல களம் தாமிரபரணிப் படுகை.

அமைவிடமும் இடப்பண்பும்

திருநெல்வேலி ஏறத்தாழ 8°44′ வட அகலாங்கிலும் 77°42′ கிழக்கு நெட்டாங்கிலும் அமைந்துள்ளது. இது முற்றமைவிடம். பொதிகை மலைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் இடையே, ஆற்றின் மேற்கே, பாளையங்கோட்டைக்கு எதிரே என்பது சார்பமைவிடம். முன்னது எண்ணால் அறியப்படுவது. பின்னது உறவால் அறியப்படுவது.

ஓர் இடத்தைப் பிற இடங்களினின்று வேறுபடுத்தும் இயற்கைக் கூறுகளும் மாந்தர் ஆக்கிய கூறுகளும் சேர்ந்தது இடப்பண்பு. பாபநாசத்துக்கு மேலே காடும் காணி மக்களின் குடியிருப்புகளும், சமவெளியில் வயலும் குளமும், ஆதிச்சநல்லூரில் முதுமக்கள் தாழிகளும், புன்னைக்காயலில் கழிமுகமும் எனச் சுமார் 128 கிலோமீட்டர் நீள ஆறு ஒன்றே பல இடப்பண்புகளைக் கோக்கிறது. கருப்பொருள் பற்றிய அறிவுடைய மாணவர்க்கு இக்கருத்து எளிதில் விளங்கும்.

மனிதர்–சூழல் உறவு

இவ்வுறவு சார்தல், தகவமைதல், மாற்றியமைத்தல் என மூவகைப்படும். ஆற்றங்கரைக் கோரையைக் கொண்டு பத்தமடையில் பாய் முடைவது சார்தல். நீர் தங்காத செம்மணல் தேரிகளில் பனையை நம்பி வாழ்ந்தது தகவமைதல். கோடைமேலழகியான் முதல் திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகளால் நீரைக் கால்வாய்களுக்குத் திருப்பியது மாற்றியமைத்தல். இவற்றுள் திருவைகுண்டம் அணைக்கட்டு 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் கட்டப்பட்டது. ஏனையவை அதற்கு முற்பட்டவை.

பெயர்ச்சி

மக்கள், பொருள், கருத்து ஆகியவற்றின் இடமாற்றமே பெயர்ச்சி. கொற்கை முத்து கடல் கடந்தமைக்குக் கிரேக்கப் பயணக் குறிப்புகள் சான்றாகின்றன. 1843இல் சுலோசன முதலியார் தம் பொருளில் கட்டுவித்த பாலம் ஆற்றின் இரு கரை நகரங்களையும் இணைத்தது. ஆறும் வண்டலைப் பெயர்த்துச் செல்கிறது. அதன் விளைவு கொற்கையில் புலனாகிறது. பாண்டியர் துறைமுகமாக விளங்கிய அவ்வூர் இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே உள்ளது. வண்டல் படிவால் கடல் விலகியதைக் கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றில் எடுத்துரைத்துள்ளார்.

வட்டாரம்

பொதுப் பண்பால் ஒன்றுபட்ட நிலப்பரப்பு வட்டாரமாகும். எப்பண்பைக் கொள்கிறோமோ அதற்கேற்ப எல்லை மாறும். நீர்வடிவை அளவாகக் கொண்டால் இப்படுகை ஒரே வட்டாரம். ஆட்சியை அளவாகக் கொண்டால், 1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் தனி மாவட்டங்களானபின், அது மூன்று மாவட்டங்களில் விரவிக் கிடக்கிறது. திணையை அளவாகக் கொண்டாலோ நிலம் நான்காகப் பகுக்கப்படும்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. திணை மயங்கலாம், நிலம் மயங்காது என்பது தொல்காப்பியர் வகுத்த செய்யுள் மரபு. களத்திலோ நெல்வயலும் தேரியும் உப்பளமும் அடுத்தடுத்துக் காணப்படுகின்றன. ஆகவே திணையை நிலவரைபடமாகக் கொள்வது பொருந்தாது. உரிப்பொருளை நோக்கி அமைந்த இலக்கியக் கோட்பாடு வேறு. நிலத்தை விளக்கும் அறிவுத்துறை வேறு.

பொழுது என்னும் விடுபட்ட கூறு

இவ்வேறுபாட்டை ஏற்றபின்னும் முதற்பொருளிடமிருந்து புவியியற் கல்வி பெறத்தக்கது ஒன்றுண்டு. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் இணைத்தே முதற்பொருள் என்கிறார். ஐந்து கருத்துகளுள் காலம் தனித்து எண்ணப்படவில்லை. 1994இல் அமெரிக்காவில் உருவான புவியியற் கல்வித் தரங்கள், கடந்த காலத்தை விளக்கப் புவியியலைப் பயன்படுத்துதலைத் தனித் தரமாகச் சேர்த்தமை இக்குறையை உணர்த்துகிறது.

தாமிரபரணியில் பொழுது இன்றி நிலம் விளங்காது. தென்மேற்குப் பருவமழை மலையில் பெய்யக் கார் சாகுபடியும், வடகிழக்குப் பருவமழையால் பிசானச் சாகுபடியும் நடைபெறுகின்றன. மருதத்திற்குத் தொல்காப்பியர் சிறுபொழுதை மட்டுமே சுட்ட, ஆறு பெரும்பொழுதும் அதற்குரியன எனப் பின்னையோர் கொண்டனர். ஒரு பருவத்தை மட்டும் சாராத ஆற்றுப்பாசன நிலத்தோடு இக்கருத்து ஒப்புநோக்கத்தக்கது.

நெடுங்காலப் பொழுதைக் கொற்கை காட்டுகிறது. குறுங்காலப் பொழுதை வெள்ளம் காட்டுகிறது. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவாயிற்று, ஆற்றின் கீழ்ப்பகுதி ஊர்கள் நீரில் மூழ்கின. மாவட்ட வரைபடத்தை மட்டும் அறிந்த மாணவர்க்கு மேற்படுகை மழை கீழ்ப்படுகை வெள்ளமாகும் தொடர்பு புலப்படாது. எம்மழை எவ்விடத்தில் எப்பொழுதில் என வினவப் பழகியவர்க்கே அது புலப்படும். இப்பயிற்சி தேர்வைக் கடந்து வாழ்வுக்கும் உரியது.

முடிவுரை

ஐந்து கருத்துகளையும் தாமிரபரணிப் படுகையின் சான்றுகளால் முழுமையாக விளக்க இயலும். இடப்பண்பும் மனிதர்–சூழல் உறவும் கருப்பொருளோடு நெருங்குகின்றன. முற்றமைவிடமும் பெயர்ச்சியும் திணைக் கோட்பாட்டில் தனிக் கூறுகளாக இடம்பெறவில்லை. உரிப்பொருள் புவியியலில் இல்லை. எனவே இரண்டையும் சமன்படுத்தாமல் ஒப்பிட்டுக் கற்பிப்பதே நெறி. அவ்வொப்பீட்டில் பொழுதை ஆறாவது கூறாகச் சேர்ப்பின், புவியியல் வகுப்பு நிலத்தின் மாற்றத்தைக் காணும். தமிழ் வகுப்பு முதற்பொருளின் நிலத்தைக் காணும்.