முப்பது மீட்டர் வெளிச்சம்

சனி, ஞாயிறு அதிகாலை நாலு மணிக்கு பெங்களூரின் ஹெப்பாள் மேம்பாலத்துப் பக்கம் நின்றால், பெல்லாரி சாலையில் சின்னச் சின்னச் சிவப்பு விளக்குகள் வரிசையாக வடக்கே நகர்வதைப் பார்க்கலாம். நந்தி மலைக்குப் போகும் சைக்கிள்காரர்கள். நகரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தூரம். கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 920 மீட்டர் மேலே இருக்கும் ஊரிலிருந்து கிளம்பி, 1,478 மீட்டர் உயரப் பாறை மலையை விடியலில் ஏற வேண்டும் என்பது அவர்கள் ஆசை. எலஹங்காவை அடுத்த அவலஹள்ளியின் செம்மண் தடங்களைத் தேடி, அகல டயர் போட்ட மவுண்டன் பைக்கோடு போகிறவர்களும் உண்டு.

இவர்கள் எல்லோரும் ஒருநாள் கேட்கும் கேள்வி, எந்த லைட் வாங்குவது என்பது. ஐந்நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது. பத்தாயிரத்துக்கு மேலும் போகிறது. பெட்டியின் மேல் 1,000 லூமென், 5,000 லூமென் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அந்த எண்ணைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, வேறோர் எண்ணிலிருந்து தொடங்குவதுதான் சரி என்று நினைக்கிறேன். நமக்கு எத்தனை மீட்டர் தெரிய வேண்டும்?

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 11 மீட்டர். மலைச் சரிவில் மிதிக்காமலே இந்த வேகம் வந்துவிடும். சாலையில் ஒரு குழி கண்ணில் பட்டு, அது குழிதான் என்று உறைத்து, விரல் பிரேக்கை இறுக்க ஒரு நொடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் 11 மீட்டர் போயாயிற்று. காய்ந்த தார்ச்சாலையில் நல்ல பிரேக் பிடித்தாலும் சைக்கிள் நிற்க இன்னும் 12 மீட்டர் வேண்டும். ஆக 23. சரிவில் புவியீர்ப்பு முன்னே இழுக்கிறது. அதிகாலைப் பனியில் சாலை நனைந்திருக்கும். முப்பது மீட்டர் என்று கணக்கு வைப்பதே பத்திரம். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் கதை மாறிவிடுகிறது. பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் பாதியாக அல்ல, கால்வாசியாகக் குறையும். 20 கிலோமீட்டர் வேகத்தில் மொத்தமே 9 மீட்டர் போதும். சரளையும் வேரும் நிறைந்த மண் தடத்தில் 15-க்கு மேல் போக முடியாது. அங்கே பிடிப்பு குறைவு என்றாலும் ஏழெட்டு மீட்டரில் நின்றுவிடலாம்.

இதிலிருந்து ஓர் உண்மை தெரிகிறது. தார்ச்சாலைக்கு நீளமான, ஒடுங்கிய வெளிச்சம் வேண்டும். தடத்துக்குக் குட்டையான, அகன்ற வெளிச்சம் வேண்டும். லூமென் எண் இதைச் சொல்லாது. விளக்கிலிருந்து மொத்தம் எவ்வளவு ஒளி வெளியேறுகிறது என்பதுதான் லூமென். அது ஒரு சதுர மீட்டரில் எவ்வளவு விழுகிறது என்பது லக்ஸ். ஒரு குடம் தண்ணீரை ஒரு கன்றுக்கு ஊற்றுவதும், அதையே வயல் முழுக்கத் தெளிப்பதும் போலத்தான். 400 லூமென் விளக்கின் ஒளியை 12 டிகிரிக் கூம்புக்குள் அடக்கினால், முப்பது மீட்டரில் சுமார் 13 லக்ஸ் விழும். அதே விளக்கை 30 டிகிரிக்கு விரித்தால் 2 லக்ஸ்தான். முழுநிலவின் வெளிச்சமே கால் லக்ஸ் அளவுதான் என்பதால் 2 லக்ஸும் இருட்டு அல்ல. ஆனால் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கல்லை அடையாளம் காண அது போதாது.

இரண்டு மடங்கு தூரம் அதே தெளிவோடு தெரிய வேண்டுமென்றால் நான்கு மடங்கு ஒளி வேண்டும். நம் கண்ணோ, நான்கு மடங்கு ஒளியைக் காட்டினால் ‘இரண்டு மடங்கு இருக்குமோ’ என்ற அளவில்தான் உணரும். அதனால் 500 லூமெனிலிருந்து 1,000-க்குத் தாவுவதற்குக் கொடுக்கும் பணம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. அதே பணத்தில் நல்ல லென்ஸ் உள்ள விளக்கு வாங்கினால் தெரியும். ஜெர்மனியின் போக்குவரத்து விதி இதை என்றோ புரிந்துகொண்டது. அங்கே சைக்கிள் முன்விளக்கின் ஒளி காரின் விளக்கைப் போல மேல்விளிம்பு வெட்டப்பட்டு, சாலையில் மட்டும் விழ வேண்டும். நம் கடைகளில் கிடைக்கும் மலிவான விளக்குகள் பெரும்பாலும் வட்ட ஒளிக்கற்றை கொண்டவை. அதில் பாதி மரக்கிளைக்கும், எதிரே வருபவர் கண்ணுக்கும் போகிறது.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் வியப்பூட்டுவது, அந்தியில் செம்மண் மாறும் விதம். பெங்களூரு 13 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், சூரியன் அடிவானத்தை ஏறத்தாழச் செங்குத்தாகக் கடந்து இறங்குகிறது. அது மறைந்த பிறகு பாதை தெரியும் அளவுக்கு வெளிச்சம் இருப்பது இருபது, இருபத்தைந்து நிமிடந்தான். ஜூன் மாத லண்டனில் இது ஏறத்தாழ முக்கால் மணி நேரம். மாலையில் தடத்துக்குப் போனவர்கள் ‘இன்னும் ஒரு சுற்று’ என்று கிளம்பி இருட்டில் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

அந்த இருபது நிமிடத்தில் வழியோரத்துப் புல்லைக் கவனித்துப் பாருங்கள். வெளிச்சம் குறையக் குறைய, பகலில் பளிச்சென்றிருந்த செம்மண் முதலில் கறுத்துவிடும். புல்லும் இலையும் அதைவிட வெளிறித் தெரியத் தொடங்கும். பகலில் நாம் பார்ப்பது விழித்திரையின் கூம்பு செல்களால். அவற்றுக்கு மஞ்சள் கலந்த பச்சையில், அதாவது 555 நானோமீட்டர் அலைநீளத்தில், கூர்மை அதிகம். இருட்டில் பொறுப்பேற்கும் கோல் செல்களுக்கு அது நீலம் கலந்த பச்சைக்கு, 507 நானோமீட்டர் பக்கம், நகர்ந்துவிடுகிறது. சிவப்பு அவற்றுக்குக் கிட்டத்தட்டத் தெரியாது. செக் நாட்டு உடலியல் அறிஞர் யான் புர்கின்யே 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதைக் கவனித்துச் சொன்னார். இன்றும் இது அவர் பெயரால் வழங்குகிறது. பார்க்கும் செல்கள் கைமாறும் அந்த நேரத்தில், காலடியில் இருக்கும் தடம்தான் முதலில் நம்மைவிட்டுப் போகிறது.

1933-இல் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக பெங்களூருக்கு வந்த சி.வி. ராமன், 1970-இல் மறையும்வரை இந்த ஊரில்தான் வாழ்ந்தார். தம் கடைசிப் பத்தாண்டில் பூக்களின் நிறங்களையும் மனிதக் கண் நிறம் காணும் விதத்தையுமே அவர் விடாமல் ஆராய்ந்தார். ‘தி ஃபிசியாலஜி ஆஃப் விஷன்’ என்ற அவருடைய நூல் 1968-இல் வெளிவந்தது. நோபல் பரிசு பெற்று முப்பது ஆண்டுகள் கடந்த ஒருவர், பூவைப் பார்ப்பது எப்படி என்பதை மறுபடி முதலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஊர் இது.

செம்மண் விளக்குக்கும் ஒரு சோதனை வைக்கிறது. வெள்ளை எல்.இ.டி. உண்மையில் நீல எல்.இ.டி.தான். பிரகாசமான நீல எல்.இ.டி.யை உருவாக்கியதற்காக இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. அந்த நீலச் சில்லின்மேல் மஞ்சளாக ஒளிரும் ஒரு பூச்சைப் பூசினால், இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தோன்றும். மலிவான விளக்குகளில் இந்தக் கலவையில் நீலம் தூக்கலாகவும் சிவப்பு குறைவாகவும் இருக்கும். செம்மண்ணில் உள்ள இரும்பு ஆக்சைடோ நீலத்தை விழுங்கிவிட்டு, சிவப்பைத்தான் நன்றாகத் திருப்பி அனுப்பும். வந்து விழுவதில் சிவப்பே குறைவென்றால் திரும்பி வரவும் ஒன்றுமில்லை. தடம் சாம்பல் நிறத்தில் தட்டையாகத் தெரியும். அதனால் பெங்களூருச் செம்மண்ணில் ஓட்டுகிறவர்கள், நீலம் அடிக்கும் 6,500 கெல்வின் விளக்கைவிட 4,000 கெல்வின் அளவிலான, சற்றே மஞ்சள் சாயும் விளக்கைத் தேடுவது நல்லது. லூமென் கொஞ்சம் குறைந்தாலும் மண்ணும் கல்லும் பிரிந்து தெரியும்.

விளக்கை எங்கே மாட்டுவது என்பதிலும் ஓர் அழகு இருக்கிறது. ஹெல்மெட்டில் மாட்டினால், தலை திரும்பும் திசையில் ஒளியும் திரும்பும். கொண்டை ஊசி வளைவில் சைக்கிள் திரும்புவதற்கு முன்பே வளைவின் உள்பக்கம் தெரிந்துவிடும். நெற்றியில் விளக்கோடு வேலை செய்யும் வழக்கத்தைச் சுரங்கத் தொழிலாளர்கள் வெகுகாலமாக அறிவார்கள். பெங்களூருக்குக் கிழக்கே கோலார் தங்கவயலின் ஆழத்தில் நூறாண்டுக்கு மேல் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

ஆனால் ஹெல்மெட் விளக்குக்கு ஒரு குறை உண்டு. கண்ணுக்கு மிக அருகிலிருந்து ஒளி போவதால், கல்லின் நிழல் கல்லுக்குப் பின்னாலேயே மறைந்துவிடுகிறது. நிழல் இல்லையென்றால் மேடு எது, பள்ளம் எது என்று மூளைக்குத் தெரியாது. ஹேண்டில்பாரில் இருக்கும் விளக்கு கண்ணைவிடத் தாழ்வாக இருப்பதால், ஒவ்வொரு கல்லும் ஒரு சின்ன நிழலை நமக்குத் தெரியும்படி நீட்டிக் காட்டும். ஒரே ஒரு விளக்குக்குத்தான் காசு இருக்கிறதென்றால், என் பரிந்துரை ஹேண்டில்பார்தான்.

நந்தி மலையில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. உச்சிக்கு அருகே விடியலில் மேகமே சாலைக்கு வந்துவிடும். மூடுபனித் துளியின் குறுக்களவு ஏறத்தாழ பத்து மைக்ரான், ஒளியின் அலைநீளத்தைப் போல இருபது மடங்கு. இவ்வளவு பெரிய துளி எல்லா நிறங்களையும் ஒரே மாதிரி சிதறடிக்கும். மஞ்சள் விளக்கு பனியைத் துளைக்கும் என்ற நம்பிக்கைக்கு இங்கே ஆதாரம் இல்லை. ஒளி கிளம்பும் இடத்துக்கும் கண்ணுக்கும் உள்ள இடைவெளிதான் முக்கியம். நெற்றி விளக்கின் ஒளி துளிகளில் பட்டு நேரே கண்ணுக்குள் திரும்பி வந்து, முன்னால் வெள்ளைச் சுவராக நிற்கும். அதை அணைத்துவிட்டு, கீழே இருக்கும் விளக்கை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினால் சாலை மறுபடி தெரியும்.

இனி பணத்துக்கு வருவோம். நம் அப்பாக்கள் காலத்து டைனமோ 6 வோல்ட், 3 வாட். முன் பல்புக்கு அதில் 2.4 வாட், சுமார் 25, 30 லூமென் கிடைத்திருக்கும். மேட்டில் மிதி தளர்ந்தால் அதுவும் மங்கும். இன்று 4 வாட் எல்.இ.டி. ஒன்று 400 லூமென் தருகிறது. ஒரு வாட்டுக்குச் சுமார் நூறு லூமென் என்ற இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் கடையில் யாரும் நம்மை ஏமாற்ற முடியாது.

மலிவான விளக்குகளில் பெரும்பாலும் இருப்பது 18650 என்ற லித்தியம் செல். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். பெயரிலேயே அளவு இருக்கிறது. இதில் மிக நல்ல செல்லின் கொள்ளளவு சுமார் 3,500 மில்லி ஆம்பியர்-மணி. 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 12.6 வாட்-மணி. 4 வாட் விளக்கு இதில் சுமார் மூன்று மணி நேரம் எரியும். ஹெப்பாளிலிருந்து நந்தி அடிவாரம் வரைக்கும் போதும். 1,000 லூமென் விளக்குக்கு 10 வாட் வேண்டும். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும். ஆகவே ஒற்றைச் செல் விளக்கு ஒன்று ‘1,000 லூமென், 6 மணி நேரம்’ என்றால், அந்த இரண்டு எண்களில் ஒன்றாவது பொய். ‘9,900 மில்லி ஆம்பியர்-மணி’ என்று அச்சடித்த செல்களும் சந்தையில் உலவுகின்றன. அந்த அளவுக்குள் அவ்வளவு மின்சாரத்தை அடைக்க இன்றைய வேதியியலால் முடியாது. நல்ல செல் 45 கிராமுக்கு மேல் எடை இருக்கும். கையில் வைத்ததும் இலேசாகத் தோன்றினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நேர்மையான கம்பெனிகளின் எண்களையும் கவனமாகப் படிக்க வேண்டும். எஃப்.எல்.1 என்ற அமெரிக்கத் தரநிலைப்படி, விளக்கைப் போட்ட அரை நிமிடத்தில் இருக்கும் வெளிச்சத்தை ‘லூமென்’ என்றும், அது பத்தில் ஒரு பங்காக மங்கும்வரை ஆகும் நேரத்தை ‘எரியும் நேரம்’ என்றும் போடலாம். சூடேறினால் எல்.இ.டி. தானே ஒளியைக் குறைத்துக்கொள்ளும் என்பதால், பிளாஸ்டிக்கை விட அலுமினிய உடல் நல்லது. மழைக்கு ஐ.பி.எக்ஸ்.4 என்ற குறியீடு போதும். இவ்வளவும் சரியாக இருக்கும் 400 லூமென் விளக்கு இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். அதற்கு மேல் செலவழிப்பது உங்கள் விருப்பம், தேவை அல்ல.

கடைசியாக, பேட்டரியே இல்லாத ஒரு விளக்கு. சைக்கிளோடு வரும் சிவப்புப் பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டருக்குள் பார்த்தால், ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முகங்கள் கொண்ட குட்டிக் குட்டி மூலைகள் தெரியும். ஒளி சற்றுச் சாய்வாக வந்தாலும் மூன்றிலும் பட்டு, வந்த திசைக்கே திரும்பிவிடும். 1969 ஜூலையில் ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலாவில் வைத்துவிட்டு வந்த கருவியிலும் இதே தத்துவத்தில் நூறு மூலைகள் உண்டு. இன்றும் பூமியிலிருந்து அனுப்பும் லேசர் ஒளி அதில் பட்டு இரண்டரை நொடியில் திரும்பி வருகிறது. பெடலில் இருக்கும் ரிஃப்ளெக்டர் இன்னும் ஒரு படி மேல். மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகளைப் பொருத்தி இருட்டில் ஒருவரை நடக்கவிட்டால், பார்ப்பவர்கள் கண நேரத்தில் ‘மனிதர்’ என்று சொல்லிவிடுகிறார்கள் என்பதை ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் யோஹான்சன் 1973-இல் காட்டினார். மேலும் கீழும் ஏறி இறங்கும் அந்த இரண்டு மஞ்சள் புள்ளிகள், பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கு ‘முன்னே ஓர் ஆள் மிதித்துக்கொண்டு போகிறார்’ என்பதை உடனே சொல்லிவிடும். அழகு கெடுகிறது என்று புது சைக்கிளிலிருந்து இதைக் கழற்றிப் போடாதீர்கள்.

அதே அதிகாலை நாலு மணிக்கு, அதே சாலையில், பேப்பர் போடும் பையன்களும் பால்காரர்களும் இரவு வேலை முடிந்த காவலாளிகளும் லைட் இல்லாத சைக்கிளில் போகிறார்கள். ஒளி திருப்பும் சிவப்பு ஸ்டிக்கர் பட்டை சில பத்து ரூபாய்தான். உங்கள் விளக்கை வாங்கும்போது அதில் ஒரு சுருளும் சேர்த்து வாங்குங்கள். உங்கள் தெருவில் சைக்கிள் ஓட்டுகிற ஒருவரிடம் கேட்டு, அவருடைய பின் மட்கார்டில் ஒட்டிக் கொடுங்கள்.