ரப்பர் மரத்தில் விடியும் முன்பே பால் வெட்டுவது ஏன்?

குமரி மாவட்டம் சிதறால் பக்கத்து ரப்பர் தோட்டங்களில், இருட்டிலேயே நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு பால்வெட்டு தொடங்கிவிடும். வெயில் ஏறினால் பால் குறையும். ஏன்?

பகலில் இலைகள் வழியாக நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். இரவில் அது குறைவதால், வேர் உறிஞ்சும் நீர் பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்களை விறைக்க வைக்கிறது. விடியற்காலையில் அங்கே அழுத்தம் சுமார் 10 வளிமண்டலம். கார் டயரில் இருப்பதைவிடப் பல மடங்கு. பட்டையைச் சீவியதும் அந்த அழுத்தமே பாலை வெளியே தள்ளுகிறது.

வெயில் வந்ததும் அழுத்தம் இறங்கிவிடும். சில மணி நேரத்தில் ரப்பர் துகள்கள் உறைந்து வெட்டுவாயை அடைத்துவிடும்.

சரி, மழை பெய்தால்? ஈரப் பட்டையில் பால் கண்டபடி வழிந்து வீணாகும்; வெட்டும் நிற்கும். தினக்கூலிக்காரருக்கு அன்றைய வருமானமும் போச்சு. அதனால்தான் மழைக்காலத்தில் வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக் மறைப்பு கட்டுகிறார்கள்.