போலீசுக்குத் தப்பிய மெஷினை இரும்புக் குண்டு தின்றது! ‘பின்பால்’ பலகைக்கு வர்ணம் பூசும் கில்லாடிகள்

போலீசின் சம்மட்டிக்கே தப்பிய மெஷின்கள் அவை. ஆனால் தன் வயிற்றுக்குள் இருந்த எதிரிக்குத் தப்ப முடியவில்லை! எதிரியின் எடை வெறும் 80 கிராம்தான்.

அமெரிக்காவில் பேர் போன ‘பின்பால்’ விளையாட்டு மெஷினின் கதை இது. சாய்வான பலகை. மேலே கண்ணாடி. காசைப் போட்டு ஸ்பிரிங் கம்பியை இழுத்து விட்டால், கோலியை விடப் பெரிய இரும்புக் குண்டு ஒன்று சீறிப் பாயும். அது கீழே விழாமல், பக்கத்துப் பொத்தானை அமுக்கித் தட்டிவிட வேண்டும். முட்டிய இடமெல்லாம் விளக்கு எரியும், பாயிண்டு ஏறும். பலகை பூராவும் பளபள வண்ணப்படம்!

34 ஆண்டு தடை

“இது சூதாட்டம். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் காசைப் பிடுங்குகிறது” என்று 1942-ல் நியூயார்க் மேயர் லாகார்டியா தடை போட்டார். போலீசார் கடை கடையாகப் புகுந்து மெஷின்களை அள்ளினார்கள். மேயரே சம்மட்டி எடுத்து உடைத்தார்.

1976-ல்தான் விடிவு வந்தது. ரோஜர் ஷார்ப் என்ற இளம் பத்திரிகையாளர் மாநகராட்சிக்காரர்கள் முன்னால் ஆடிக் காட்டினார். குண்டு நடுப்பாதையில் போகும் என்று சொல்லிவிட்டுக் கம்பியை விட்டார். சொன்னபடியே போனது! அதிர்ஷ்டம் அல்ல, திறமைதான் என்று ஒப்புக்கொண்டு தடையை நீக்கினார்கள்.

படம் போச்சு!

படத்தை மரப்பலகை மேல் மையால் அச்சடித்து, மேலே மெல்லிசாக வார்னிஷ் பூசியிருப்பார்கள். குண்டு ஓட ஓட, தூசி உப்புத்தாள் மாதிரி தேய்க்கிறது. வார்னிஷ் போகிறது, பிறகு மை போகிறது, கடைசியில் வெறும் மரம்தான் பல்லை இளிக்கிறது. நன்றாக ஓடிச் சம்பாதித்த மெஷினுக்குத்தான் சேதமும் அதிகம்!

அவசரப்பட்டால் அம்பேல்

சரி, பெயிண்டு வாங்கி அடித்துவிட்டால் தீர்ந்ததா? அதுதான் இல்லை.

முதலில் பலகை மேல் உள்ள சாமான்களை எல்லாம் கழற்ற வேண்டும். கழற்றும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளாவிட்டால், திரும்ப மாட்டும்போது முழிக்க வேண்டியதுதான். பிறகு அழுக்கை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தித் துடைத்தால் மிச்சமிருக்கும் படமும் கையோடு வந்துவிடும்.

அடுத்து, விளக்குக்கு மேல் பதித்த பிளாஸ்டிக் வில்லைகள். பசை விட்டு ஏறி இறங்கி நிற்பவற்றை மட்டமாக ஒட்ட வேண்டும். அதன் மேல் ஒரு பூச்சு வார்னிஷ். இதில்தான் சூட்சுமம்! இப்படிப் பூசிவிட்டால், பின்னால் அடிக்கும் வர்ணம் தப்பிப்போனாலும் பழைய படத்துக்குச் சேதமில்லாமல் துடைத்துவிடலாம்.

டப்பாவில் வரும் வெள்ளையை அப்படியே அடித்தால் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி தனியாகத் தெரியும். பழைய வெள்ளை மஞ்சள் பூத்துக் கிடக்கிறதே! அதனால் துளி மஞ்சள் கலந்து, பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, நிறம் சேர்கிறதா என்று சோதிக்கிறார்கள். கறுப்புக் கோடுகள் கடைசியில்.

மூச்சு ஜாக்கிரதை

எல்லாவற்றுக்கும் மேலே கார்களுக்கு அடிக்கும் இரட்டைக் கலவை வார்னிஷ். பலகை கண்ணாடி போல மின்னும். ஆனால் தெளிக்கும்போது கிளம்பும் புகையில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் உண்டு. ஆஸ்துமாவை வரவழைத்துவிடும். மூக்கில் கைக்குட்டை கட்டினால் போதாது; அதற்கென்றே உள்ள முகமூடி வேண்டும்.

இந்தப் பூச்சு காய்ந்த பிறகு உள்ளே இருக்கும் தப்பைத் திருத்த வழியே இல்லை. பேர் பெற்ற சில மெஷின்களுக்குப் புதுப் பலகையே அச்சடித்து விற்கிறார்கள். அபூர்வ மெஷினுக்கு அதுவும் கிடையாது. போனால் போனதுதான். அதனால் லேசான தேய்மானம் என்றால், மெழுகு மட்டும் போட்டு விட்டுவிடுகிறவர்களும் உண்டு.

வேலை முடிந்து, மெஷினை மறுபடி ஓட்டும் முன் ஒரு கடைசிக் காரியம் பாக்கி. கீறல் விழுந்த பழைய குண்டைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, புதுக் குண்டு போடுகிறார்கள்!